சுவரில் ஒரு புள்ளி!

2023-ம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். மும்பையில் ஓர் ஏலம். மேடைக்கு வந்தது ஒரு பெரிய கேன்வாஸ். அதில் மனித முகம் இல்லை. மலை, மரம், மாடு, மாடி வீடு... ஊஹூம், எதுவுமே கிடையாது. வட்டம், முக்கோணம், கோடுகள், கொஞ்சம் வண்ணங்கள். அவ்வளவுதான். ஓவியத்தின் பெயர், தமிழில் சொன்னால், 'கருவளர்ச்சி'. வரையப்பட்ட வருடம் 1989.

கடைசியில் போன விலை - 51 கோடியே 75 லட்சம் ரூபாய்!

''என்னது! வட்டமும் முக்கோணமும் போட்டதுக்கு ஐம்பது கோடியா? மூணாங்கிளாஸ் படிக்கிற என் பையன் காம்பஸை வச்சுக்கிட்டு இதைவிட நல்லா போடுவானே!'' என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. தப்பே இல்லை. மாடர்ன் ஆர்ட்டைப் பார்த்து உலகம் பூராவும் ஜனங்கள் கேட்கிற கேள்விதான் இது.

உங்கள் பையன் அந்த வட்டத்தைப் போட்டுவிடுவான், சந்தேகமே வேண்டாம். ஆனால், அதைப் போட்ட சையத் ஹைதர் ரஸா என்கிற மனிதருக்கு, அந்த வட்டத்துக்கு வந்து சேர ஏறக்குறைய ஐம்பது வருஷம் பிடித்தது! நடுவில் ஒரு காடு, ஒரு பிரிவினை, ஒரு கடல் பயணம், கைக்கு வந்த புகழைப் பார்த்தே வந்த ஒரு சலிப்பு... எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டியிருந்தது.

சும்மா ஒரு வட்டத்துக்கு எதற்காக அவ்வளவு தூரம்? வாருங்கள், காட்டிலிருந்து ஆரம்பிப்போம்.

* * *

இன்றைய மத்தியப் பிரதேசத்தில், நர்மதை நதி வளைந்து ஓடுகிற மாவட்டம் மண்டலா. புலிகளுக்குப் பேர்போன கான்ஹா காடு இந்தப் பக்கம்தான். அங்கே பபரியா என்கிற குக்கிராமத்தில் 1922-ம் ஆண்டு பிப்ரவரி 22-ம் தேதி பிறந்தார் ரஸா. அப்பா வனத்துறையில் உதவி ரேஞ்சர். ஆகவே, வீட்டைச் சுற்றிக் காடு. காட்டைச் சுற்றியும் காடு!

கரன்ட் இல்லாத காலம். சூரியன் மறைந்தால் போச்சு, மை மாதிரி இருட்டு அப்பிக்கொள்ளும். ஏதேதோ சத்தங்கள். சின்னப் பையன் ரஸாவுக்கு ராத்திரி என்றாலே கிலி. தூரத்தில் கோண்டு பழங்குடி மக்கள் தீ மூட்டி ஆடிப்பாடுகிற சத்தம் கேட்டால்தான் 'அப்பாடா, மனுஷங்க இருக்காங்க' என்று கொஞ்சம் தெம்பு வரும்.

பிறகு விடியும்! மரங்களுக்கு நடுவே வெயில் இறங்கும். பயம் எல்லாம் ஓடிப்போகும். அதுவும் சந்தை நாள் என்றால் கேட்கவே வேண்டாம். கிராமத்தில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் துணிகள், பாசிமணிகள், மிளகாய்க் குவியல்கள். பொழுது சாய்ந்ததும் மறுபடி அதே கறுப்பு!

தினம் தினம் இருட்டிலிருந்து வண்ணங்கள் பிறப்பதையும், வண்ணங்கள் திரும்ப இருட்டுக்குள் போய் ஒளிந்துகொள்வதையும் பார்த்து வளர்ந்த பையன் அவன். இந்தச் செய்தியை ஞாபகத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பையன் படிப்பில் சுமார். ஓர் இடத்தில் உட்கார மாட்டான். உட்கார்ந்தாலும் மனசு ஜன்னல் வழியாகக் காட்டுக்குள் ஓடிவிடும். கக்கையா என்ற ஊரில் ஆரம்பப் பள்ளி. தலைமை ஆசிரியர் பெயர் நந்த்லால் ஜாரியா. மற்ற வாத்தியாராக இருந்தால் பிரம்பைத் தேடியிருப்பார். இவர் வேறு மாதிரி ஒரு வேலை செய்தார். பள்ளிக்கூடத்து வராந்தாவின் வெள்ளைச் சுவரில் ஒரு புள்ளி வைத்தார். 'உட்காரு. எல்லாத்தையும் மற. இந்தப் புள்ளியை மட்டும் பாரு' என்கிற மாதிரி சொல்லி, பையனை அதன் எதிரில் உட்கார வைத்துவிட்டார்.

பையன் பார்த்தான். முதலில் போரடித்திருக்கும். அப்புறம் மெதுவாக மனசு நின்றது. சுவர் மறைந்தது, பள்ளிக்கூடம் மறைந்தது, புள்ளி மட்டும் இருந்தது.

பிற்காலத்தில் பேட்டி எடுக்கப் போனவர்களிடம் எல்லாம் ரஸா விடாமல் சொன்ன கதை இது. ஆனால் அதிசயம் என்ன தெரியுமா? அந்தப் புள்ளியை அவர் உடனே வரைந்துவிடவில்லை. மறந்தே போய்விட்டார்!

* * *

ஊர் மாறி, உயர்நிலைப் பள்ளி முடித்து, 1939-ல் நாக்பூரில் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார் ரஸா. 1943-ல் பம்பாய். கையில் காசு கிடையாது. பிரின்ட்டிங்குக்கு பிளாக் செய்து தருகிற ஸ்டுடியோ ஒன்றில் வேலை, பிறகு புகழ்பெற்ற ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படிப்பு. ஓய்ந்த நேரத்தில் பம்பாய்த் தெருக்களை, மழையில் நனைந்த கட்டடங்களை வாட்டர் கலரில் வரைந்து தள்ளினார்.

இந்த இடத்தில் சரித்திரம் ஒரு விசித்திரமான உதவி செய்தது. ஐரோப்பாவிலிருந்து ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்த சிலர் அப்போது பம்பாயில் இருந்தார்கள். ஆஸ்திரிய ஓவியர் வால்டர் லாங்ஹாமர், ஜெர்மானியரான கலை விமர்சகர் ரூடால்ஃப் வான் லெய்டன், வியன்னாவிலிருந்து வந்த இமானுவேல் ஷ்லெசிங்கர்... இவர்கள் வீடுகளுக்கு இளம் ஓவியர்கள் போவார்கள். அங்கே ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைப் பார்ப்பார்கள், விடிய விடியப் பேசுவார்கள். ஹிட்லரால் இந்திய ஓவியத்துக்கு நடந்த ஒரே நல்ல காரியம் இதுவாகத்தான் இருக்கும்!

1947-ல் நாடு சுதந்திரம் அடைந்த சூட்டோடு பம்பாயில் 'முற்போக்கு ஓவியர் குழு' பிறந்தது. யார் யார் என்று பாருங்கள். எஃப்.என்.ஸௌசா - கோவா கத்தோலிக்கர், சுதந்திரப் போராட்டத்தில் இறங்கியதால் ஓவியப் பள்ளியை விட்டு விரட்டப்பட்டவர். கே.எச்.ஆரா - வீட்டு வேலை செய்தும் கார் கழுவியும் பிழைத்தவர். எம்.எஃப்.ஹுசேன் - சினிமா பேனர் வரைந்தவர். கூடவே பாக்ரே, காடே, நம்ம ரஸா. ஒருவர் மாதிரி இன்னொருவர் இல்லை. 'வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த மாதிரியும் வரையக் கூடாது, பழைய புராணப் படத்தையே திரும்பவும் போடக் கூடாது' என்பதில் மட்டும் ஆறு பேரும் ஒற்றுமை.

அதே வேளையில் ரஸாவின் சொந்த வாழ்க்கை சிதறிக்கொண்டிருந்தது. 1947-ல் அம்மா போனார். 1948-ல் அப்பா. நாடு இரண்டாகப் பிளந்தபோது சகோதரர்கள், சகோதரி, முதல் மனைவி எல்லோரும் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்கள். ''நீயும் வா'' என்று அழைக்காமலா இருந்திருப்பார்கள்? ரஸா போகவில்லை. சிறுவனாக இருந்தபோது மண்டலாவுக்கு வந்த காந்தியை அவர் பார்த்திருக்கிறார். அந்த மனிதர் இருந்த மண்ணை விட்டுப் போவது அவருக்குச் செய்கிற துரோகம் என்று தோன்றியதாகப் பிற்காலத்தில் சொன்னார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயது இருபத்தாறு. அப்பா, அம்மா இல்லை. உடன்பிறந்தவர்கள் இன்னொரு தேசத்தில். இனி 'வீடு' என்று எதைச் சொல்வது? இந்தக் கேள்விக்குப் பதிலைத்தான், தெரிந்தோ தெரியாமலோ, வாழ்நாள் பூராவும் வரைந்துகொண்டிருந்தார் ரஸா.

* * *

1948. காஷ்மீர். ரஸா அங்கே போய் ஏரிகளையும் பள்ளத்தாக்குகளையும் வரைந்தார். போரில் இடிந்து கிடந்த பாரமுல்லாவையும் வரைந்தார். அங்கே ஸ்ரீநகரில் அவருடைய படங்களைப் பார்க்க வந்தார் ஒரு பிரெஞ்சுக்காரர். தோளில் ஒரு சின்ன கேமரா. பெயர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக்காரர்களில் ஒருவர். காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்புதான் அவரைச் சந்தித்துப் படமெடுத்துவிட்டு வந்தவர்.

அவர் ரஸாவின் படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னதன் சாரம் இதுதான். 'உங்களிடம் திறமை இருக்கிறது. ஆனால், கட்டுமானம் இல்லை. வீடு கட்டுகிற மாதிரி ஓவியத்துக்கும் அஸ்திவாரம், சுவர், உத்தரம் எல்லாம் வேண்டும். செசானைப் போய்ப் பாருங்கள்!'

பால் செசான் - பிரெஞ்சு ஓவியர். ஒரே மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தவர். நமக்கு யாராவது இப்படிக் குறை சொன்னால் ரெண்டு நாள் சாப்பாடு இறங்காது. ரஸா என்ன செய்தார் தெரியுமா? பம்பாய்க்குத் திரும்பி பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்துவிட்டார்! பிரெஞ்சு அரசாங்கத்தின் உதவித்தொகை கிடைத்தது. 1950-ல் கப்பல் ஏறினார். கொஞ்ச காலம் படித்துவிட்டு வரலாம் என்று போனவர் அங்கே தங்கியது அறுபது வருஷம்!

பாரிஸில் பெரிய பெரிய மியூசியங்கள். அச்சுப் பிரதியாகப் பார்த்த செசானும் வான்கோவும் இப்போது கைக்கெட்டும் தூரத்தில். ரஸா கட்டுமானத்தைப் பழகினார். 1951 வாக்கில் அவர் வரைந்த பிரெஞ்சு ஊர்களைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும். வீடுகள் கச்சிதமாக, பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்த மாதிரி நிற்கின்றன. மேலே சூரியன், சில படங்களில் கறுப்புச் சூரியன்! தெருவில் ஒரு ஆள் இல்லை. ஒரு நாய்கூட இல்லை.

சொந்த வீட்டிலிருந்து எல்லோரும் கிளம்பிப் போய்விட்ட ஒரு மனிதர் வரைந்த வீடுகள் அவை என்பது ஞாபகத்துக்கு வந்தால், அந்தப் படங்கள் கொஞ்சம் தொண்டையை அடைக்கின்றன.

1956-ல் பிரான்ஸின் கலை விமர்சகர்கள் தருகிற பெரிய பரிசு அவருக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. 1959-ல், கூடப் படித்த பிரெஞ்சு ஓவியரான ஜெனீன் மோன்ஷிலாவைத் திருமணம் செய்துகொண்டார். பெயர், பணம், கேலரி, அன்பான துணை எல்லாம் ஆயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால் 'பிரான்ஸில் கொடி நாட்டிய இந்தியர்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம்!

* * *

1962-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு ஆசிரியராகப் போனார் ரஸா. அங்கே மார்க் ராத்கோவின் ஓவியங்களைப் பார்த்து ஸ்தம்பித்துவிட்டார். ராத்கோவின் ஓவியத்தில் உருவமே கிடையாது. பெரிய பெரிய வண்ணப் பட்டைகள், ஓரங்கள் கரைந்து, மூச்சு விடுவது மாதிரி நிற்கும். மரத்தையும் மலையையும் காட்டாமல், வெறும் வண்ணத்தாலேயே ஒரு மனிதனைக் கலங்கடிக்க முடியுமா? முடியும் என்று கண்ணால் பார்த்தார்.

அதற்கு முன்பே அவருடைய ஓவியங்களில் வீடுகள் கரைய ஆரம்பித்திருந்தன. இப்போது வேகம் பிடித்தது. எண்ணெய் வண்ணம் காய நாளாகும். கொஞ்ச காலத்தில், சீக்கிரம் காய்கிற அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறினார். மனசில் எழுகிற வேகத்துக்குக் கை ஈடுகொடுக்க முடிந்தது. தூரிகை பாய்ந்தது. கூரை போயிற்று, தேவாலயக் கோபுரம் போயிற்று, தெரு போயிற்று. மிஞ்சியது என்ன? சூடு. இருட்டு. தீ மாதிரி ஒரு சிவப்பு. கீறிக்கொண்டு வருகிற மஞ்சள்.

'இதுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்கிறீர்களா? ஒரு சின்னப் பரீட்சை. பத்திரிகையை ஒரு நிமிஷம் மடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் சின்ன வயசில் வளர்ந்த ஊரை நினையுங்கள்.

என்ன வந்தது? ஊர் மேப்பா வந்தது? எந்தத் தெருவுக்குப் பக்கத்தில் எந்தத் தெரு என்றா? இருக்காது. மத்தியான வெயிலில் திண்ணையின் சூடு வந்திருக்கும். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது தெரிந்த கறும்பச்சை வந்திருக்கும். மழைக்கு முன்னால் வானம் போட்டுக்கொண்ட ஒரு சாம்பல் நிறம்... இதில் உருவம் எங்கே இருக்கிறது? ஆனாலும் அது உங்கள் ஊர்தான், சத்தியமாக உங்கள் ஊர்தான். ஃபோட்டோவைவிட உண்மையான ஊர்!

அரூப ஓவியர்களில் பலர் செய்வது இதைத்தான். எதிரில் இருக்கிற மரத்தைப் பார்த்து வரைவதில்லை. அந்த மரம் உள்ளே போய் என்னவாக மாறியிருக்கிறதோ அதை வெளியே கொண்டுவருகிறார்கள். இன்ன இடத்தில் இன்ன சிவப்பு என்று கணக்குப் போட்டு அது வருவதில்லை. ஒரு வண்ணத்தை வைப்பார்கள், அது பக்கத்தில் இன்னொன்றைக் கேட்கும், அதை வைத்ததும் முதல் வண்ணம் மாறித் தெரியும். 'சரியா இருக்கு' என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்கிறவரை கை நிற்காது. நம் வீட்டுப் பாட்டி உப்பை அளந்தா போடுகிறாள்? கை அள்ளும், அளவு சரியாக இருக்கும். ஆனால், அந்தக் கைக்குப் பின்னால் அறுபது வருஷச் சமையல் இருக்கிறதே! உள்ளுணர்வு என்று நாம் பெரிதாகச் சொல்வது அதைத்தான்.

ரஸாவின் கை அப்படி அள்ளியபோது எது வந்தது தெரியுமா? பாரிஸ் வரவில்லை. கரன்ட் இல்லாத அந்த மண்டலா காட்டு ராத்திரி வந்தது! எழுபதுகளில் அவர் ஓவியங்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். 'ஜமீன்', 'ராஜஸ்தான்', பிரெஞ்சில் 'லா தேர்' - அதாவது பூமி. ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் மண்ணை வரைந்துகொண்டிருந்தார்.

* * *

இருந்தும் திருப்தி வரவில்லை. எழுபதுகளின் நடுவில் ரஸாவுக்கு ஒரு சலிப்பு. கையில் வித்தை இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, புகழ் இருக்கிறது. 'ஆனால், இதில் என்னுடையது எது?' என்ற கேள்வி உள்ளே அரித்தது. பிரெஞ்சுக்காரர்களிடமும் அமெரிக்கர்களிடமும் கற்றதை நன்றாகச் செய்கிறோம். அவ்வளவுதானா?

ஐம்பது வயது தாண்டிய வெற்றிகரமான ஒரு மனிதர் தன்னைப் பார்த்து இப்படிக் கேட்டுக்கொள்வதற்குத் தைரியம் வேண்டும். பெரும்பாலோர் கேட்டுக்கொள்வதில்லை. அப்படியே காலத்தை ஓட்டிவிடுவார்கள்.

ரஸா இந்தியாவுக்கு வந்தார். திரும்பத் திரும்ப வந்தார். அஜந்தா, எல்லோரா, காசி, குஜராத், ராஜஸ்தான் என்று சுற்றினார். தாந்திரிக யந்திரங்களைப் பார்த்தார். இந்திய தத்துவ நூல்களைப் படித்தார். பழைய சிற்றோவியங்களில் மஞ்சளும் சிவப்பும் பயமே இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

இந்தத் தேடலின் முடிவில்தான், வராந்தாவின் வெள்ளைச் சுவர் ஞாபகத்துக்கு வந்தது. சுவரில் ஒரு புள்ளி!

'பிந்து' - சமஸ்கிருதத்தில் புள்ளி, துளி, வித்து. எல்லாம் ஆரம்பிக்கிற இடம். எழுபதுகளின் கடைசியில் தொடங்கி ரஸாவின் கேன்வாஸின் நடுவே ஒரு பெரிய கறுப்பு வட்டம் வந்து உட்கார்ந்தது. அப்புறம் அது எழுந்து போகவே இல்லை.

ஏன் கறுப்பு? சோகமா, சூனியமா? இங்கேதான் நான் முடிந்து வைக்கச் சொன்ன காட்டு ராத்திரியை அவிழ்க்க வேண்டும். அந்தச் சிறுவன் தினமும் பார்த்தது என்ன? இருட்டுக்குள்ளிருந்துதான் சிவப்பும் மஞ்சளும் நீலமும் பிறந்து வந்தன. ரஸாவைப் பொறுத்தவரை கறுப்புதான் எல்லா வண்ணங்களுக்கும் தாய். 1981-ல் அவர் வரைந்த ஒரு முக்கியமான ஓவியத்தின் பெயரே 'மா' - அம்மா!

கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று அந்த ஐந்தும் அவருக்குப் பஞ்சபூதங்கள் ஆயின. முக்கோணங்கள் ஆணும் பெண்ணுமாக, பிரகிருதியும் புருஷனுமாக ஆயின. வட்டத்துக்கு வெளியே வட்டம், அதற்கு வெளியே இன்னொரு வட்டம், தண்ணீரில் கல் விழுந்த மாதிரி. 1987-ல் ஓர் ஓவியத்துக்கு 'அங்குரண்' என்று பெயர் வைத்தார். முளைவிடுதல்! விதை கறுப்பு மண்ணுக்குள் இருக்கும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒருநாள் பச்சையாக எட்டிப் பார்க்கிறது. இயற்கையை இதைவிட நெருக்கமாக எப்படி வரைவது?

நமக்கு இது அவ்வளவு அந்நியமில்லை. வாசலில் புள்ளி வைக்காமல் எந்தப் பாட்டி கோலம் போட ஆரம்பித்திருக்கிறாள்?

* * *

கோடைக் காலத்தில் அவர் வேலை செய்தது தெற்கு பிரான்ஸில், மலைமேல் இருக்கும் கோர்பியோ என்ற கிராமத்தில். வேலை ஆரம்பிக்கும் முன் கொஞ்ச நேரம் மௌனமாக உட்காருவார். பிரார்த்தனை உண்டு. மசூதி, கோயில், தேவாலயம் மூன்றுக்கும் போகிற மனிதர். மனிதன் தனியாக நின்று ஓவியத்தை முடித்துவிட முடியாது, வேறு ஏதோ சக்தியும் கூடக் கை கொடுக்க வேண்டும் என்று நம்பினார். கேன்வாஸில் சில சமயம் தேவநாகரியில் ஹிந்திக் கவிதை வரி ஒன்றையும் எழுதிவிடுவார். பிரான்ஸில் அதை யார் படிக்கப் போகிறார்கள் என்றெல்லாம் கவலைப்படவில்லை!

'அதே வட்டம், அதே முக்கோணம்... ரஸா ஒரு ஃபார்முலாவைப் பிடித்துக்கொண்டுவிட்டார். மார்க்கெட்டுக்குச் சௌகரியம்!' என்று குறை சொன்ன விமர்சகர்களும் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. கடைசிக் காலத்து பிந்துக்கள் எல்லாமே ஒரே உயரத்தில் நிற்பவை அல்ல. சில படங்களில் வட்டம் மட்டும் இருக்கிறது, காட்டைக் காணோம். ரஸா இதற்குச் சொன்ன பதில், 'ஜபம்' என்பது. ஒரே பெயரை ஆயிரம் தடவை சொல்கிறவனிடம் போய், 'ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறாய்' என்று கேட்பதுண்டா என்பது அவர் கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. படத்துக்கு எதிரில் நின்றுதான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

மார்க்கெட் மட்டும் சந்தேகப்படவில்லை. 1983-ல் அவர் வரைந்த 'சௌராஷ்டிரா' 2010-ல் லண்டன் ஏலத்தில் 16 கோடியே 42 லட்சம் ரூபாய்க்குப் போனது.

பணம் வந்தால் பின்னாலேயே என்ன வரும்? போலி! 2009 ஜனவரி. ரஸாவுக்கு வயது 86. அவருடைய ஆரம்பகால ஓவியங்களின் கண்காட்சி என்று டெல்லியில் ஒரு கேலரி ஏற்பாடு செய்து, அவரையே திறந்துவைக்க அழைத்திருந்தது. ரஸா வந்தார். சுவர்களைப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லாமே அவர் வரையாதவை! தன் பெயர், தன் பாணி, தன் கையெழுத்து... ஆனால் தான் இல்லை. கண்காட்சி மூடப்பட்டது.

வாசலிலேயே ஒரு விருந்தாளியாகத் தன்னைத் தானே சந்திக்கிற இந்த அனுபவம் எந்தக் கலைஞனுக்கும் வரக் கூடாது. ஆனால், 'என் பையன்கூட இதைப் போடுவானே' என்ற நமது கேள்விக்கு இதற்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. படத்தைப் போட்டுவிடலாம். அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழியைப் போட முடியாது.

* * *

2002-ல் ஜெனீன் புற்றுநோயால் இறந்துபோனார். பிரான்ஸில் அத்தனை வருஷம் இருந்தும் ரஸா இந்தியக் குடியுரிமையை விடவில்லை. 2010-ன் இறுதியில், 88 வயதில், மூட்டை கட்டிக்கொண்டு டெல்லிக்கே திரும்பி வந்துவிட்டார்.

சரித்திரத்தின் விளையாட்டைப் பாருங்கள். 1947-ல் ரஸாவோடு சேர்ந்து குழு ஆரம்பித்த அதே ஹுசேன், மிரட்டல்களாலும் வழக்குகளாலும் 2006-ல் நாட்டை விட்டு வெளியேறி, இதே 2010-ல்தான் கத்தார் நாட்டுக் குடியுரிமையை ஏற்றுக்கொண்டார். ஒரே வருஷத்தில் ஒரு நண்பர் நிரந்தரமாக வெளியே, இன்னொரு நண்பர் நிரந்தரமாக உள்ளே. ஹுசேன் 2011-ல் லண்டனில் காலமானார். ஊர் திரும்பவே இல்லை.

ரஸா டெல்லியில் தொண்ணூறைத் தாண்டியும் வரைந்தார். 2013-ல் காந்தியைப் பற்றி ஒரு வரிசை ஓவியங்கள். காந்தியின் உருவத்தைத் தேடாதீர்கள், அங்கேயும் வண்ணங்களும் வடிவங்களும்தான். அதே வருஷம் பத்ம விபூஷண் விருது வந்தது.

2016 ஜூலை 23-ம் தேதி, 94-வது வயதில் ரஸா மறைந்தார். அவருடைய விருப்பப்படி உடல் மண்டலாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. அப்பாவின் சமாதிக்குப் பக்கத்தில், நர்மதை ஓடுகிற ஊரில், அந்தக் கறுப்பு மண்ணில் அடக்கம் செய்தார்கள். 'இனி வீடு என்று எதைச் சொல்வது?' என்று 26 வயதில் திகைத்து நின்ற மனிதருக்கு, 68 வருஷம் கழித்து, பதில் கிடைத்தது.

2023-ல் பாரிஸின் புகழ்பெற்ற பாம்பிடு மையம் அவருடைய ஓவியங்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்தது. மண்டலாவின் இருட்டு பாரிஸின் சுவர்களில் தொங்கியது. உலகெங்கிலுமிருந்து ஜனங்கள் வந்து அந்தக் கறுப்பு வட்டங்களுக்கு எதிரில் பேசாமல் நின்றார்கள்.

அடுத்த தடவை இப்படி ஒரு படத்துக்கு முன்னால் நீங்கள் நிற்க நேர்ந்தால் அவசரப்பட்டு 'என்ன அர்த்தம்?' என்று கேட்க வேண்டாம். இரண்டு நிமிஷம் சும்மா பாருங்கள். பிடிக்காவிட்டால் தாராளமாக நகர்ந்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் கொடுங்கள்.

கக்கையா பள்ளிக்கூடத்து வராந்தாவில், துறுதுறுவென்று ஓடுகிற ஒரு பையனிடம் ஒரு கிராமத்து வாத்தியார் கேட்டதும் அவ்வளவுதான்!